அக்கா பிடித்த குடை

எங்கள் வேலை வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய குடை கிடக்கிறது. நீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் துணி. வெயில் பட்டுப் பட்டு நீலம் சாம்பல் நிறமாகிவிட்டது, ஒரு கம்பி வளைந்திருக்கிறது. மாமல்லபுரத்தில் சுற்றுலாக் கார் ஓட்டுகிறவர்கள் டிக்கியில் வைத்திருப்பார்களே, வெளியூர் விருந்தாளி காரைவிட்டு இறங்கி ரதங்கள்வரை நடக்கும்போது தலைக்கு மேல் பிடிப்பதற்கு, அந்த வகைக் குடை. வண்டியைக் கழுவ வருகிறவர், "சார், இத்த தூக்கிக் கடாசிட்டா இன்னா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. இப்போது எங்கள் கருவியின் திரைக்கென்றே கறுப்பாக ஒரு மூடி வந்துவிட்டது. அதைப் பொருத்திவிட்டால் உச்சி வெயிலிலும் திரை பளிச்சென்று தெரியும், குடைக்கு வேலையே இல்லை. "கெடக்கட்டும்பா" என்று சொல்லி அதைத் திரும்பவும் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அந்தக் குடையைத் தொடுவது எனக்கு இன்னும் பழகவில்லை. பழகவும் வேண்டாம் என்று இருக்கிறேன்.

நான் செங்கல்பட்டில் ஒரு சிறிய நில அளவை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சாலையை வெட்டுவதற்கு முன்னால், அடியில் குடிநீர்க் குழாய் எங்கே போகிறது, மின்சாரக் கேபிள் எங்கே திரும்புகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். அதற்கான கருவிக்குத் தரை ஊடுருவும் ரேடார் என்று பெயர். பெயரைக் கேட்டால் ராணுவத் தளவாடம் என்று தோன்றும். நேரில் பார்த்தால் கைக்குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி அளவுதான். நான்கு சக்கரம், நடுவே ஒரு பெட்டி, கைப்பிடியில் ஒரு திரை. பெட்டி மண்ணுக்குள் அலைகளை அனுப்பும். மண் மாறுகிற இடங்களில் பட்டு அவை திரும்பி வந்து, திரையில் கோடுகளாக விழும். உள்ளே ஏதாவது பொருள் இருந்தால் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு தெரியும். அது என்ன பொருள் என்று திரை சொல்லாது. சந்தேகம் வந்தால் வண்டியை ஓர் அடி பின்னால் இழுத்து, அந்த வளைவின் உச்சிக்கு நேராக நிறுத்திப் பார்ப்போம். இந்தப் பின்னால் இழுப்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அதை வெளியிலிருந்து ஒருவர் கவனிப்பார் என்று அந்த நாள்வரை நான் நினைத்ததே இல்லை.

எனக்குக் குழாய்கள்தான் பிடிக்கும். நான் சுபாவத்திலேயே பயந்தவன். குழாயைத் தவறவிட்டால் திட்டு விழும், தெருவில் தண்ணீர் பீய்ச்சும், அவ்வளவோடு போயிற்று. குழாய்க்குச் சொந்தக்காரர்கள் யாரும் வந்து கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு என் முகத்தையே பார்ப்பதில்லை. ஆகவே செய்யூர்ப் பக்கம் ஒரு கொலை வழக்கில் உடலைத் தேட வேண்டும், கருவியோடு வர முடியுமா என்று போலீஸிலிருந்து கேட்டபோது, முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எங்கள் முதலாளி அதற்குள் சரி என்று சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். மாமல்லபுரத்தில் சுற்றுலாக் கார் ஓட்டிய ஒருவர் சில வருடங்களுக்கு முன்னால் காணாமல் போனார், காரும் காணோம். அந்தக் காரை அவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து வாங்கி, முறை வைத்து ஓட்டிவந்தார்கள். ஆந்திராப் பக்கம் யாரோ ஒரு பெண்ணோடு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று கூட்டாளி ஊரெல்லாம் சொன்னான், ஊரும் நம்பியது. பிறகு கார் மட்டும் எங்கோ அகப்பட்டு, அதிலிருந்து நூல் பிடித்து விசாரித்ததில் கூட்டாளி மாட்டினான். கடப்பாக்கம் போகும் வழியில் உள்ள ஒரு சவுக்குத் தோப்பில் புதைத்ததாக ஒப்புக்கொண்டான். ஆனால் இடத்தைக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தைக் காட்டினான். அவன் வேண்டுமென்றே செய்தானா, உண்மையிலேயே குழம்பினானா, தெரியவில்லை. அப்போது வானம் தெரியாமல் நின்ற தோப்பை இடையில் வெட்டி, வேரோடு பிடுங்கி, புதுக் கன்று வைத்துவிட்டார்கள். நாங்கள் போனபோது முழங்கால் உயரக் கன்றுகள்தான் இருந்தன. கண்ணுக்கு எட்டியவரை ஒரே மாதிரி மணல். "இன்னிக்கி கெடைக்கலன்னா ஆளு பேச்ச மாத்திடுவான் சார். அப்பறம் நம்ம கையில ஒண்ணும் இருக்காது" என்றார் இன்ஸ்பெக்டர்.

தாசில்தார் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அரசு மருத்துவர் வந்தார். மண்வெட்டியோடு நான்கைந்து பேர் கன்றுகளுக்கு ஓரமாகக் குந்தியிருந்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் இந்த நீல வெள்ளைக் குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தார். காணாமல் போனவரின் உடன்பிறந்த அக்கா அவர். உள்ளூர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறார் என்று ஒரு காவலர் சொன்னார். நான் அவர் பக்கம் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றேன். குடையை விரிக்காமலேயே அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

வேலையை ஆரம்பித்ததுமே சிக்கல். மணலில் பட்ட வெயில் திரையில் அடித்து, ஒன்றுமே தெரியவில்லை. முதலில் ஒரு காவலர் துண்டை விரித்துப் பிடித்தார். "புல்லு வெட்ற மெஷினாட்டம் கீது, இது எப்டி சார் ஆளக் கண்டுபுடிக்கும்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே நடந்தார். அவரை யாரோ கூப்பிட, போய்விட்டார். நான் கையால் திரையை மறைத்துக்கொண்டு குனிந்து தடுமாறிக்கொண்டிருந்தபோது திடீரென்று நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அக்கா. கயிற்றுக்குக் கீழே நுழைந்து வந்து குடையை விரித்துப் பிடித்திருந்தார். குடும்பத்தாரை உள்ளே விடக்கூடாது என்பது எனக்கே தெரியும். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "வுடுய்யா, புடிக்கட்டும்" என்று விரட்டப் போன காவலரிடம் சொல்லிவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, "அவன் கொடதான் தம்பி. கார்ல வச்சிருப்பான். அன்னிக்கி வெயிலும் இல்ல, மழையும் இல்ல, எங்க வூட்லயே வுட்டுட்டுப் போய்ட்டான்" என்றார். வண்டியைத் தள்ளினேன்.

இந்த வேலையைத் தனியாகச் செய்வதே கஷ்டம். தேடப்படுகிறவரின் அக்கா தோளுக்குப் பக்கத்தில் நின்று அதே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்வது எப்படியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும், "இது இன்னா தம்பி?" என்றார். "வேருக்கா" என்றேன். வெட்டிய சவுக்கின் வேர்த்துண்டுகள் மண்ணுக்குள் நிறைய இருந்தன, பெரும்பாலும் அது உண்மையும்கூட. "இது?" "அதுவும் வேருதான்." பிறகு ஓர் இடத்தில் மணல் அடுக்கு அப்படியே அறுந்து, பள்ளம் தோண்டி மூடிய மாதிரி தெரிந்தது. "இது?" "வேரு" என்று சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில், வண்டியைப் பின்னால் இழுத்தேன்.

"வேருன்னா ஏன் பின்னால போற?" என்றார். அவர் கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "என்ன தேத்தறதுக்காக ஒண்ணும் சொல்லாத தம்பி. ஊர்ல எல்லாரும் அதத்தான் செஞ்சுகினு கீறாங்க. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்றார். நான் அந்த இடத்தில் சிவப்புக் கொடி ஒன்றை ஊன்றினேன். மண்வெட்டிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் தோண்டிய நேரம் முழுக்க அக்கா குடையை எனக்குத்தான் பிடித்துக்கொண்டிருந்தார், பார்வை மட்டும் அங்கே இருந்தது. உடைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று வந்தது, ஈர மணல் வந்தது, கடைசியில் தண்ணீர் ஊறியது. வேறொன்றுமில்லை. அக்கா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வரிசைக்கு நடக்கும்போது அவரே சொன்னார். தம்பி மகள் அவர் வேலை பார்க்கும் பள்ளியில்தான் படிக்கிறாளாம். மதியம் தட்டோடு வரிசையில் நிற்கும்போது மற்றப் பிள்ளைகள், "உங்கப்பன் ஓடிப்போனவன்தான?" என்பார்களாம். "நான் சோத்த போட்டுகினே கேட்டுகினு இருப்பேன். கரண்டிய வச்சிட்டு ஒரு அடி வைக்கலாமான்னு இருக்கும். அதுங்களும் பசங்கதான, வூட்ல பேசறதத்தான் பேசுதுங்க" என்றார். தம்பி மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன்னால் நிற்கிறாளாம். "இங்க கெடைக்கலன்னா எங்கியோ உசுரோட கீறான். ஆனா ஓடிப்போனவன். கெடைச்சா, அவன் நல்லவன். ஆனா இல்ல. நான் எத்த தம்பி வேண்டிக்கறது? நீயே சொல்லு." நான் திரையை மட்டும் பார்த்தேன். அவருடைய இரண்டு வேண்டுதலுக்கும் நடுவில் என் வண்டி போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது கொடியிலும் தண்ணீர்தான். மூன்றாவதிலும் அதே. "இன்னா சார், கெணறு வெட்டவா வந்தோம்?" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் குடும்பத்துக்கும் சவுக்குத் தோப்பு உண்டு. கன்று சிறிதாக இருக்கும்போது மணலில் வரிசையாகப் பள்ளம் தோண்டி, அதில் ஊறும் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றுவோம். துரவு என்போம். மரம் வளர்ந்துவிட்டால் அதற்கு வேலையில்லை, பாதி தூர்ந்துபோய்க் கிடக்கும். மறு நடவின்போது மேலே மணல் தள்ளிச் சமன் செய்துவிடுவார்கள். ரேடாருக்குத் துரவும் தெரியாது, சவக்குழியும் தெரியாது. தோண்டிய மண், தோண்டாத மண், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். துரவு வட்டமாக இருக்கும், நீளவாக்கில் பார்த்தாலும் குறுக்குவாக்கில் பார்த்தாலும் ஒரே அகலம். ஆளைப் புதைக்கத் தோண்டிய குழி ஒரு பக்கம் நீளமாக இருக்கும். அது தெளிந்ததும் வேலை வேகமாயிற்று. வட்டமாக வந்தால் துரவு என்று நிற்காமல் தாண்டினேன். நீளமாக எங்காவது வருகிறதா என்று மட்டும் தேடினேன். இன்ஸ்பெக்டர் முகம் தெளிந்தது. அக்கா என் வேகத்துக்குக் குடையோடு கூடவே வந்தார். மதியம் பொட்டலம் வந்தபோது எல்லாரும் சாப்பிட்டார்கள். அவர் பிரிக்கவேயில்லை.

வெயில் மேற்கே சாய்ந்தது. நீளமான குழி எங்கும் வரவில்லை. மிச்சமிருந்த மணல் குறைந்துகொண்டே வந்தது. முழுவதையும் முடித்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். என் வாயிலிருந்து அது வந்த நிமிஷமே அந்த மனிதர் மறுபடி ஓடிப்போனவராகிவிடுவார். கூட்டாளி போலீஸ் வேனுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் போகும்போது அக்கா ஒரு தடவைகூட வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரிசைகளில் ஒன்றில் போய்க்கொண்டிருந்தபோது நிழல் திடீரென்று விலகி, திரை வெளுத்தது. பார்த்தால், அக்கா நான்கு அடி பின்னால் குடையோடு நின்றுவிட்டிருந்தார்.

"இங்க ஏன் நிக்காம போற?" என்றார்.

"அது துரவுக்கா. பழசு."

"அதான் கேக்கறேன். இந்தப் பள்ளம் அன்னிக்கே இங்க இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"அப்ப அவன் ஏன் புதுசா தோண்டப் போறான்?" என்று வேன் நின்ற பக்கம் மோவாயால் காட்டினார். "எங்க வூட்ல எத்தினியோ நாளு நாஸ்தா துன்னவன்தான். தட்டக்கூட எடுத்து வைக்க மாட்டான். காரக் கழுவறதுகூட எந்தம்பிதான். தோண்டி வச்ச பள்ளம் கண்ணுக்கு எதிர்ல இருக்கசொல்ல, அவனாவது மம்ட்டி புடிக்கறதாவது!"

நாள் முழுக்க நான் வேண்டாம் என்று தாண்டி வந்த இடங்கள் அத்தனையும் கண் முன்னால் வந்தன. வண்டியைத் திருப்பினேன். இன்ஸ்பெக்டர் ஏன் என்று கேட்டதற்குக்கூட பதில் சொல்லத் தோன்றவில்லை. ஒவ்வொரு துரவாகத் திரும்பப் போய், மேலே நிறுத்தி, நிதானமாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடியில் தண்ணீர் மட்டம் ஒரு நேர்கோடாகத் தெரிந்தது, அதற்கு மேலே வெறும் மணல். அப்படியே சிலவற்றைக் கடந்தோம். பிறகு ஒன்றில் தண்ணீர்க் கோடு நடுவில் அறுந்திருந்தது. அதற்குச் சற்று மேலே, பள்ளத்தின் ஒரு பக்கமாக ஒதுங்கி, தாழ்வான ஒரு வளைவு. வேருக்கு அந்த அகலம் கிடையாது. குடத்துக்கும் கிடையாது. நான் வண்டியைப் பின்னால் இழுத்தேன். முன்னால் தள்ளினேன். மறுபடி பின்னால் இழுத்தேன்.

அக்கா, "இது இன்னா?" என்று கேட்கவில்லை. குடை மெதுவாகத் தாழ்ந்தது. திரை முழுக்க வெயில் பாய்ந்து வெள்ளையாகிவிட்டது. கோடு இல்லை, வளைவு இல்லை, என் முகத்தின் நிழல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த வெள்ளை பிடித்திருந்தது. அது அப்படியே இருக்கட்டும், யாரும் எதையும் பார்க்க வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு குடை உயர்ந்தது. திரையில் எல்லாம் திரும்ப வந்தது.

"பாரு தம்பி" என்றார் அக்கா.

பார்த்தேன். "என்னன்னு தெரியலக்கா. ஆனா இங்க தோண்டணும்" என்றேன். கொடியை ஊன்றினேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. மண்வெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு மருத்துவர் தானே கீழே இறங்கினார், கையால் மணலை ஒதுக்கினார். முதலில் ஒரு வெள்ளைச் சட்டையின் துணி தெரிந்தது. சுற்றுலாக் கார் ஓட்டுகிறவர்கள் போடும் வெள்ளைச் சட்டை. அக்கா என்னைத் தாண்டி நடந்து போய், பள்ளத்தின் விளிம்பில் நின்று, குடையை அதற்கு மேலே நீட்டிப் பிடித்தார். "வெயில் படுது" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். யார் யாருக்கோ குடை பிடித்தவர், பள்ளத்தில் கிடந்த அந்தத் தம்பி. தாசில்தார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஒரு பெண் காவலர் வந்து தோளைத் தொட்டபோதுதான் அக்கா நகர்ந்தார். கன்றுகளுக்கு நடுவே போய் நின்று தம்பி மனைவிக்குப் போன் செய்தார். அவர் அழுது நான் பார்க்கவில்லை. "ஓடிப் போவல டீ" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, திரும்பவும் சொன்னார்: "ஓடிப் போவல. இங்கதான் கீறான்."

பரிசோதனை எல்லாம் முடிந்து உறுதியாகி, சடங்குக்கு உடலைக் கொடுத்தபோது நான் போயிருந்தேன். ஊரே வந்திருந்தது. இத்தனை வருடம் வாய்க்கு வந்ததைப் பேசியவர்களும் தலையைக் குனிந்து நின்றார்கள். தோப்பில் அன்று சாயங்காலமே குடையை எங்கள் வண்டிமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார் அக்கா. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுபோனேன். "அந்த எடத்துக்குப் போய் வந்தத வூட்டுக்குள்ள சேக்கறதில்ல தம்பி. உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பக்கத்தில் தம்பி மகள் பள்ளிச் சீருடையில் நின்றிருந்தாள். அவளை முன்னால் இழுத்து, "இவருதான்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை என்னை நேராகப் பார்த்தது. என்னால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை.

இப்போது அந்தத் தோப்பில் சவுக்கு மறுபடி உயர்ந்து நிற்கிறது. போலீஸிலிருந்து கூப்பிடுகிறார்கள், போகிறேன். பயம் குறையவில்லை. கறுப்பு மூடி வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டால் திரை எனக்கு மட்டும்தான் தெரியும். கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களுக்கு என் முதுகுதான் தெரியும். ரொம்ப வசதி என்று நானே மற்றவர்களிடம் புகழ்ந்திருக்கிறேன்.

போன மாதம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மணல் வெளியில் வேலை. மகளைத் தேடும் ஒரு பெரியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வண்டியைப் பின்னால் இழுத்தபோதெல்லாம் அவருடைய கை கயிற்றை இறுக்கியது. மூடிக்குள்ளிருந்து தலையை எடுத்தபோது அதைப் பார்த்துவிட்டேன். பிறகு தலையை உள்ளே விட முடியவில்லை. மூடியைக் கழற்றினேன். வண்டிக்குப் போய், பின்சீட்டுக்கு அடியிலிருந்து குடையை எடுத்து வந்து, உடன் இருந்த அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பெரியவரிடம் நீட்டினேன். வளைந்த கம்பியோடு குடை விரிந்தது. திரைமேல் நிழல் விழுந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "அது இன்னா சார்?" என்றார்.

வேர் என்கிற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியலங்க அய்யா. பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லி, வண்டியைப் பின்னால் இழுத்தேன். குடையைத் தாழ்த்தாமல் அவரும் ஓர் அடி பின்னால் வந்தார்.